சத்தம் ஏன் வரவில்லை என்று செயலியே சொல்லட்டும்

சொல்வதெழுதுதல் பயிற்சிக்கு ஒரு சிறு கணினிச் செயலி எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஒரு பொத்தான். அழுத்தினால் ஒரு குரல் ஒரு சொல்லைச் சொல்லும். பிள்ளை அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். பத்துச் சொல், பத்து மதிப்பெண், ஒவ்வொன்றுக்கும் இருபது விநாடி. கணினி மியூட்டில் இருக்கும்போது இந்தச் செயலியைத் திறந்தால் என்ன நடக்கும்? பொத்தான் வழக்கம்போல் அழுந்தும். குரல் உள்ளுக்குள் ஓடி முடியும். நேரம் குறைந்துகொண்டே வரும். பிள்ளை திரையைப் பார்த்து விழிக்கும். கடைசியில் பத்துக்குச் சுழியம் என்று சிவப்பு எழுத்தில் வரும். காதில் விழாத சொல்லுக்காக ஒரு குழந்தைக்குத் தப்புப் போட்டாயிற்று.

இதைத் தடுக்க வேண்டியது நிரல் எழுதும் நாம்தான். சத்தம் நின்றிருப்பது செயலிக்குத் தெரியும் என்றால், அதைக் கண்ணில் படும்படி சொல்லியே ஆக வேண்டும். தெரியாது என்றால், கேட்கிறதா என்று பயனரிடம் கேட்க வேண்டும். இப்போதுதான் கணினிச் செயலி எழுதத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதைப் படிப்படியாக எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் விண்டோஸ் கணினியை வைத்துத்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் வீடுகளிலும் டியூஷன் வகுப்புகளிலும் நான் பார்ப்பது அதைத்தான்.

நம் ஊரில் இதற்குக் கூடுதல் அவசரம் உண்டு. பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு மழை பிடித்தால், தகரக் கூரைக்குக் கீழே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதே கேட்காது. கணினி பேசுகிறதா, ஊமையாக இருக்கிறதா என்று காதை வைத்து முடிவு செய்ய வழியில்லை. வெளியே புல்வெட்டும் இயந்திரம் ஓடினாலும், திருவிழா நேரத்தில் கோயில் ஒலிபெருக்கி முழங்கினாலும் இதே கதைதான். இன்னொன்று: பெற்றோர் ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்க, பிள்ளையோடு வீட்டில் இருப்பது தாத்தாவும் பாட்டியும். பாட்டி தமிழ் வாசிப்பார். திரையின் மூலையில் நகத்தளவு இருக்கும் ஒலிபெருக்கிச் சின்னத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி விழுந்திருப்பதை அவர் கவனிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சத்தம் எங்கெங்கே நிற்கலாம்: முதலில் இதை ஒரு தாளில் எழுதுங்கள்

நிரலைத் தொடுவதற்கு முன் இந்த வேலை. புதியவர்கள் மியூட் என்றால் ஒரே ஒரு சுவிட்ச் என்று நினைத்துத் தொடங்குகிறார்கள். ஒரு ஒலிக்கோப்பு கிளம்பி காதுக்கு வந்து சேர்வதற்குள் பல இடங்களில் நிற்கலாம். ஒவ்வொன்றும் மற்றதைக் கேட்காமலே தனியாக நிற்கும்.

முதலாவது, உங்கள் செயலிக்குள்ளேயே நீங்கள் வைத்த மியூட் பொத்தான். இது எளிது, முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

இரண்டாவது, விண்டோஸின் வால்யூம் மிக்சர். 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிச் சத்த அளவும் தனி மியூட்டும் உண்டு. இதில் ஒரு பொறி இருக்கிறது. மிக்சரில் ஒரு செயலியை மியூட் செய்தால், கணினியை அணைத்துப் போட்டாலும் அந்த நிலையை விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும். அண்ணன் படித்து முடித்த லெப்டாப் தம்பிக்கு வருகிறது, அங்கிருந்து சித்தப்பா வீட்டுப் பிள்ளைக்குப் போகிறது. யாரோ எப்போதோ தொட்டுவிட்டுப் போன மிக்சர் அப்படியே இருக்கிறது. வேறு எல்லாவற்றுக்கும் சத்தம் வருகிறது, உங்கள் செயலிக்கு மட்டும் வருவதில்லை. பழி உங்கள் செயலிமேல்தான் விழும்.

மூன்றாவது, கணினி முழுவதற்குமான மியூட். விசைப்பலகையில் ஒரு விசை; கை தவறிப் பட்டாலே போதும். இங்கே ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்: மியூட் வேறு, சத்த அளவு சுழியத்தில் இருப்பது வேறு. இரண்டும் கேட்பவருக்கு ஒன்றுதான் என்றாலும், நிரலில் இரண்டு தனி மதிப்புகள். மியூட் இல்லை என்று பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லும் செயலி, அளவு சுழியத்தில் இருப்பதைத் தவறவிடும்.

நான்காவது, சத்தம் வேறு கருவிக்குப் போய்விடுவது. பள்ளி மண்டபத்தில் லெப்டாப்பை எச்டிஎம்ஐ கம்பியால் புரொஜெக்டரில் செருகியதும், சத்தமும் அந்த வழியாகக் கிளம்பிவிடுவது வழக்கமாக நடக்கும். புரொஜெக்டரில் ஒலிபெருக்கி இல்லையென்றால் மண்டபத்தில் ஒன்றும் கேட்காது. புளூடூத் காதணி இன்னொன்று: காதணி பையில் கிடக்கும், கணினி அதனோடு இணைந்தே இருக்கும்.

ஐந்தாவதைப் பலர் அறிவதில்லை. விண்டோஸ் 7 முதல், கணினியில் ஓர் அழைப்பு நடக்கிறது என்று தெரிந்தால் மற்ற செயலிகளின் சத்தத்தை விண்டோஸ் தானாகவே 80 விழுக்காடு குறைக்கும். ஒலி அமைப்பில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற பகுதிக்குள் இது இருக்கிறது. 50 விழுக்காடு, முழு மியூட், ஒன்றும் செய்யாதே என்ற தெரிவுகளும் அங்கேயே உண்டு. இணைய வகுப்பில் ஆசிரியர் பேசிக்கொண்டிருக்க, "இப்ப அந்தப் பயிற்சியைத் திறங்க" என்று சொல்கிறார். பிள்ளை திறக்கிறது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வருகிறது. மியூட் எங்கும் இல்லை, ஆனாலும் கேட்கவில்லை.

ஆறாவது, கணினிக்கு வெளியே: ஒலிபெருக்கியின் திருகு, பாதி செருகிய காதணி முனை, பழுதான ஸ்பீக்கர்.

இவற்றோடு சேர்க்கக் கூடாத ஒன்று, ஒலிக்கோப்பே திறக்காமல் போவது. அது பிழை. அதற்கு மியூட் சின்னத்தைக் காட்டினால் பயனர் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்குவார். அதற்கு வேறு செய்தி, வேறு சின்னம்.

எதைக் கண்டுபிடிக்கலாம், எதை முடியாது

மேலே சொன்ன முதல் நான்கையும் நிரலால் அறிய முடியும். ஐந்தாவதை ஓரளவு ஊகிக்கலாம். ஆறாவதை அறியவே முடியாது. இந்த எல்லையைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். பழுதான ஸ்பீக்கர் உள்ள லெப்டாப்பில் உங்கள் செயலி "சத்தம் நன்றாக வருகிறது" என்று பச்சைச் சின்னம் காட்டினால், அது தனக்குத் தெரியாததைச் சொல்கிறது. "செயலி சத்தத்தை அனுப்புகிறது" என்பதுதான் அதற்குத் தெரிந்த உண்மை. அவ்வளவை மட்டும் சொல்லட்டும்.

ஆடும் அலைக்கோடுகளிலும் இதே ஆபத்து உண்டு. குரல் ஓடும்போது திரையில் அலை ஏறி இறங்குவது அழகாகத்தான் இருக்கும். அந்த அலையை ஒலிக்கோப்பிலிருந்து வரைந்தால், கணினி மியூட்டில் இருந்தாலும் அது ஆடிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் சத்தம் வருகிறது என்று நம்பி, தன் காதைச் சந்தேகப்படுவார். வயதானவர்கள் இப்படி நம்பிவிடுவதைப் பார்க்க மனம் தாங்காது. சத்தம் நிற்கும் நிலையில் அலையைச் சாம்பல் நிறத்தில் தட்டையான கோடாக்குங்கள்.

நிலைகளுக்குப் பெயர் கொடுங்கள்

நிரலில் 'மியூட்டா, இல்லையா' என்று ஒரே ஓர் உண்மை-பொய் மாறியை வைத்துத் தொடங்கினால் பிறகு அவதிப்படுவீர்கள். குறைந்தது இந்த ஏழு நிலைகள் தேவை: சத்தம் போகிறது, செயலிக்குள் நிறுத்தப்பட்டிருக்கிறது, மிக்சரில் நிறுத்தப்பட்டிருக்கிறது, கணினியில் நிறுத்தப்பட்டிருக்கிறது, மிக மெல்லிதாக இருக்கிறது, ஒலிக்கருவியே இல்லை, தெரியவில்லை. இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கணக்கிட்டு, திரையின் மற்றப் பகுதிகள் அந்த ஒரு விடையை மட்டும் வாசிக்கும்படி செய்யுங்கள். பொத்தான் ஒரு கணக்கும், அறிவிப்புப் பட்டை இன்னொரு கணக்கும் போட்டால், ஒன்று 'சத்தம் இருக்கிறது' என்றும் மற்றொன்று 'இல்லை' என்றும் காட்டும் நாள் கட்டாயம் வரும்.

'மிக மெல்லிது' என்ற நிலைக்குச் சிறு கணக்கு. விண்டோஸில் சத்த அளவு 0-இலிருந்து 1 வரை ஓர் எண். செயலியின் அளவு 0.5, மிக்சரில் 0.2, கணினியில் 0.3 என்று இருந்தால், தனித்தனியே பார்க்கும்போது எதுவும் சுழியம் இல்லை. ஒன்றோடொன்று பெருக்கினால் 0.03. இது தோராயக் கணக்குதான், காது உணரும் அளவோடு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எச்சரிக்க இது போதும். நான் 0.05-க்குக் கீழே போனால் எச்சரிப்பதைப் பரிந்துரைப்பேன். உங்கள் ஒலிக்கோப்புகளை வைத்துச் சோதித்து நீங்களே ஓர் எண்ணை முடிவு செய்யுங்கள்.

கணினியிடம் கேட்பது எப்படி

விண்டோஸில் இதற்கான கதவு 'கோர் ஆடியோ' என்ற நிரல் இடைமுகம். முழுக் கணினியின் மியூட்டை 'ஐ-ஆடியோ-எண்ட்பாயிண்ட்-வால்யூம்' சொல்லும். உங்கள் செயலிக்கான மிக்சர் நிலையை 'ஐ-சிம்பிள்-ஆடியோ-வால்யூம்' சொல்லும். இரண்டையும் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்பது அரை வேலை. சி-ஷார்ப்பில் எழுதுபவர்களுக்கு 'என்-ஆடியோ', பைத்தானில் எழுதுபவர்களுக்கு 'பைகாவ்' என்ற திறமூல நூலகங்கள் இவற்றை எளிதாக்கித் தருகின்றன. கியூட்டி 6 என்ற செயலிக் கட்டமைப்பில் எழுதினால் 'கியூ-ஆடியோ-அவுட்புட்' செயலிக்குள் இருக்கும் மியூட் மாறும்போது சமிக்ஞை அனுப்பும். கணினியின் மியூட்டை அது சொல்லாது.

வலைப்பக்க நுட்பத்தால் கணினிச் செயலி செய்ய உதவும் எலெக்ட்ரானில் எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஆடியோ உறுப்பின் 'மியூட்டட்', 'வால்யூம்' என்ற பண்புகளும், இரண்டில் எது மாறினாலும் எழும் 'வால்யூம்-சேஞ்ச்' நிகழ்வும் செயலிக்குள் நடப்பதை மட்டுமே காட்டும். ஜன்னல் முழுவதையும் மியூட் செய்யும் 'செட்-ஆடியோ-மியூட்டட்' கட்டளையும் அப்படித்தான். கணினியின் நிலை வலைப்பக்கத்துக்குத் தெரியாது. அதற்கு இயங்குதளத்தோடு நேரடியாகப் பேசும் ஒரு கூறு வேண்டும். லினக்ஸில் 'பேக்டிஎல்' கட்டளையின் 'சப்ஸ்கிரைப்' வசதி இந்த மாற்றங்களைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருக்கும்.

எப்போது கேட்பது? பயனர் பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்தில் கட்டாயம் கேளுங்கள். மற்ற நேரங்களில் இரண்டு வழி. அரை விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருப்பது ஒன்று. முதல் பதிப்புக்கு இது போதும், வெட்கப்பட வேண்டியதில்லை. நிலை மாறியதும் கணினியே உங்களைக் கூப்பிடும்படி பதிந்து வைப்பது மற்றது. நாள்பட இதற்கு மாறிவிடுங்கள்.

பதிந்து வைக்கும்போது மூன்று விஷயங்கள் புதியவர்களைத் தடுமாற வைக்கும். கணினி உங்களைக் கூப்பிடுவது வேறொரு இழையில் (த்ரெட், அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடர்). அங்கிருந்து நேராகத் திரையைத் தொட்டால் செயலி நிலைகுலையலாம். செய்தியை மட்டும் வாங்கித் திரைக்கான இழையிடம் கொடுத்துவிட்டு உடனே திரும்புங்கள், அங்கே எதற்கும் காத்திருக்காதீர்கள். அடுத்து, நீங்களே செய்த மாற்றமும் உங்களுக்குச் செய்தியாகத் திரும்பி வரும். மாற்றம் செய்யும்போது ஓர் அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்பும் வசதி இருக்கிறது; திரும்பி வரும் செய்தியில் அதே எண் இருந்தால் அது உங்களுடையது. மூன்றாவது, பயனர் காதணியைச் செருகினாலோ பிடுங்கினாலோ ஒலிக்கருவி மாறிவிடலாம். பழைய கருவியின் மியூட்டையே கவனித்துக்கொண்டிருக்கும் செயலி தவறான தகவலைக் காட்டும். கருவி மாறும் நிகழ்வையும் பதிந்து, புதிய கருவியோடு எல்லாவற்றையும் மறுபடி தொடங்குங்கள்.

திரையில் எப்படிக் காட்டுவது

இடத்தைச் சரியாகப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. பிள்ளையின் கண் எங்கே இருக்கும்? 'சொல்லைக் கேள்' என்ற பொத்தானிலும், தட்டச்சு செய்யும் பெட்டியிலும். சத்தம் நின்றிருக்கும் செய்தி அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். மேல் மூலையிலோ கீழே உள்ள பட்டையிலோ வைத்தால் அதைப் பார்ப்பவர் நீங்கள் மட்டும்தான்.

சின்னம் மட்டும் போதாது, சொல்லும் வேண்டும். குறுக்குக் கோடு போட்ட ஒலிபெருக்கிச் சின்னத்தை ஒரு பொத்தானில் வைத்தால், 'இப்போது சத்தம் நின்றிருக்கிறது' என்று பொருளா, 'அழுத்தினால் சத்தம் நிற்கும்' என்று பொருளா? இரண்டு விதமாகவும் செயலிகள் இருக்கின்றன. அதனால் நிலையையும் செயலையும் பிரித்துவிடுங்கள். நிலையைச் சொல்வது ஒரு வரி: 'கணினியில் சத்தம் நிறுத்தப்பட்டிருக்கிறது'. செயலைச் சொல்வது பக்கத்தில் ஒரு பொத்தான்: 'சத்தத்தைத் திற'. குழப்பத்துக்கு இடமே இல்லை. வரியில் எங்கே நின்றிருக்கிறது என்பதும் வர வேண்டும். 'செயலியில்', 'கணினியில்', 'இந்தச் செயலிக்கு மட்டும், வால்யூம் மிக்சரில்' என்று சொன்னால் உதவிக்கு வரும் அக்காவுக்கோ ஆசிரியருக்கோ நேராக அங்கே போக முடியும்.

தமிழில் எழுதும்போது இட அளவைக் கவனியுங்கள். 'மியூட்' என்ற ஒரு சொல்லை வைத்து வடிவமைத்த பொத்தானில் 'சத்தத்தைத் திற' அடங்காது. பொத்தானை வெட்டாமல் விரியும்படி செய்யுங்கள். வரி உயரத்தையும் கூட்டுங்கள், இல்லையேல் மேல்விலங்கும் கொக்கிகளும் மேலும் கீழும் நறுக்கப்படும். விண்டோஸ் 8 முதல் 'நிர்மலா யுஐ' எழுத்துரு கணினியோடு வருகிறது, தமிழுக்கு அது போதுமானது. மலாயும் சேர்த்துக் கொடுங்கள். வகுப்பில் உதவிக்கு வருபவர் எப்போதும் தமிழ் வாசிப்பவராக இருக்க வேண்டியதில்லை.

நிறத்தை நம்பி நிற்காதீர்கள். சிவப்பு என்றால் மியூட், பச்சை என்றால் சத்தம் என்று மட்டும் வைத்தால், அந்த இரு நிறங்களையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். இந்தக் குறை ஆண்களிடம் அதிகம். நிறம் மாறட்டும், கூடவே சின்னத்தின் உருவமும் எழுத்தும் மாறட்டும். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ-த்ரீ-சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டிகள் வலைப்பக்கத்துக்காக எழுதப்பட்டவை என்றாலும் கணினிச் செயலிக்கும் அப்படியே உதவும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கின்றன அவை. சின்னத்துக்கு 3:1, இது 2018-இல் வந்த 2.1 பதிப்பில் சேர்ந்தது. 2023-இல் வந்த 2.2 பதிப்பு, அழுத்தும் இடம் குறைந்தது 24-க்கு 24 புள்ளிகள் இருக்கட்டும் என்கிறது. நான் இவற்றைக் கீழ் எல்லையாகத்தான் பார்க்கிறேன். கடைவரிசை முன்னுள்ள நடைபாதையான ஐந்தடியில் வெயில் விழும் நேரத்தில் கதவோரம் லெப்டாப்பை வைத்துப் பாருங்கள், 4.5:1 கூட மங்கிவிடும். கறுப்பில் மஞ்சள், அல்லது வெள்ளையில் அடர்நீலம் என்று துணிந்து போங்கள்.

மின்னி மின்னி அணைவதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடுவது சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம் என்பதால் அதே வழிகாட்டிகள் அதைத் தடுக்கின்றன. மற்றவர்களுக்கும் எரிச்சல்தான்.

எவ்வளவு நேரம் காட்டுவது

மூன்று விநாடி தோன்றி மறையும் அறிவிப்பு இந்த வேலைக்கு ஆகாது. அந்த மூன்று விநாடி பிள்ளை தண்ணீர் குடிக்கப் போயிருக்கும். சத்தம் நின்றிருக்கும் வரை செய்தியும் நிற்க வேண்டும். சத்தம் திரும்பியதும் செய்தி தானாகப் போக வேண்டும். 'சரி' என்று அழுத்தினால்தான் நகரும் பெட்டிகளும் வேண்டாம். பிள்ளைகள் வாசிக்காமலே அழுத்திவிடுவார்கள், பிறகு செய்தி போனது போனதுதான்.

வலிமையில் இரண்டு படி வைப்பது நல்லது. செயலி திறந்திருக்கிறது, ஒன்றும் ஓடவில்லை, கணினி மியூட்டில் இருக்கிறது: அமைதியான சிறு சின்னமும் ஒரு வரியும் போதும். பிள்ளை 'சொல்லைக் கேள்' பொத்தானை அழுத்துகிறது, இப்போதும் மியூட்: செய்தி முழு அகலப் பட்டையாகப் பெரிதாகட்டும். சத்தம் தேவைப்படாத நேரத்தில் கத்தும் செயலியை, தேவைப்படும் நேரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

திறக்கும் பொத்தான்: இங்கே அவசரப்படாதீர்கள்

செயலிக்குள் இருக்கும் மியூட்டை ஒரே அழுத்தில் எடுத்துவிடலாம். கணினியின் மியூட்டை எடுப்பது அப்படியில்லை. அது உங்கள் வீடு இல்லை, விருந்தாளியாகப் போயிருக்கிறீர்கள். பக்கத்து அறையில் கைக்குழந்தை தூங்கலாம், கோயிலில் பூசை நடக்கலாம், வகுப்பில் மற்றவர்கள் தேர்வு எழுதலாம். யாரோ ஒருவர் தெரிந்தேதான் சத்தத்தை நிறுத்தியிருக்கிறார். ஆகவே பயனர் பொத்தானை அழுத்தினால் மட்டுமே திறக்க வேண்டும். செயலி தானாகத் திறக்கவே கூடாது.

திறக்கும்போது முன்பிருந்த அளவுக்கே திரும்புங்கள். பிள்ளை காதணி மாட்டியிருக்கும் நிலையில் சத்தம் திடீரென்று முழு அளவில் பாய்ந்தால் காதுக்குக் கெடுதல். முன்பிருந்த அளவு சுழியம் என்றால் சிறிய அளவில் தொடங்கி, கூட்டும் பொறுப்பைப் பயனரிடம் விடுங்கள். மிக்சரில் நின்றிருந்தால் மிக்சரை மட்டும் தொடுங்கள், கணினியில் நின்றிருந்தால் அதை மட்டும். எதையும் திறக்க உங்களுக்கு வழி இல்லாதபோது, எங்கே போய் எதைத் தொட வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அறிய முடியாத அந்த ஆறாவது வகைக்கு ஒரே மருந்து, கேட்பதுதான். பயிற்சி தொடங்கும் முன் ஒரு மணியோசையோ 'வணக்கம்' என்ற குரலோ ஒலிக்கட்டும், திரையில் 'கேட்டதா?' என்ற கேள்வியும், 'கேட்டது', 'கேட்கவில்லை' என்ற இரு பொத்தான்களும் வரட்டும். 'கேட்கவில்லை' என்றால், காதணி முழுதாகச் செருகியிருக்கிறதா, ஒலிபெருக்கியின் திருகு கூடியிருக்கிறதா, சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். கருவியின் பெயரைத் திரையில் போடுவது பெரிய உதவி. 'சத்தம் புரொஜெக்டருக்குப் போகிறது' என்ற ஒரு வரி, மண்டபத்தில் கால் மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

மதிப்பெண்ணைத் தொடாதீர்கள்

சத்தம் நின்றிருந்த நேரத்தில் ஓடிய சொல்லுக்கு மதிப்பெண் கணக்கே கூடாது. நேரக் கடிகாரம் நிற்கட்டும். சத்தம் திரும்பியதும் அதே சொல் மறுபடி முதலிலிருந்து ஒலிக்கட்டும். நடுவில் மியூட் விழுந்தாலும் அப்படியே. இது நிரலில் சில வரிகள்தான். செய்யாமல் விட்டால், ஆசிரியரின் பட்டியலில் அந்தப் பிள்ளைக்கு நேரே ஒரு சுழியம் ஏறிவிடும். ஏன் ஏறியது என்று எடுத்துச் சொல்ல ஏழு வயதுப் பிள்ளையால் முடியாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

காது கேளாதவர்களும் திரைவாசிப்பானில் வேலை செய்பவர்களும்

காது கேளாத ஒருவர் சத்தத்தை நிரந்தரமாக நிறுத்தி வைத்திருக்கலாம். அவரிடம் ஒவ்வொரு முறையும் 'சத்தம் இல்லை, திறக்கவா' என்று கேட்பது தொல்லை. 'சத்தம் இல்லாமல் பயன்படுத்துகிறேன்' என்று ஒரு தெரிவு வையுங்கள். அதைத் தேர்ந்தால் எச்சரிக்கை நிற்கட்டும், குரல் சொல்வதற்குப் பதிலாகப் படமோ பொருள் விளக்கமோ வரட்டும்.

திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கு, நிலை மாறியதைக் குறுக்கிடாத அறிவிப்பாகக் கொடுங்கள். மாற்றுப் பொத்தானின் பெயரை மாற்றிக்கொண்டே இருக்காமல், பெயரை ஒன்றாக வைத்து, அழுந்தியிருக்கிறதா இல்லையா என்ற நிலையை மட்டும் மாற்றுங்கள். பெயரும் நிலையும் சேர்ந்து மாறினால் காதில் கேட்பவருக்கு நேரெதிர்ப் பொருள் வரும். கணினி முழுவதும் மியூட் என்றால் திரைவாசிப்பானின் குரலும் நின்றிருக்கும். எனவே குரலை மட்டும் நம்பியிருப்பவருக்கு இந்த அறிவிப்பு பயன்படுவது செயலியோ மிக்சரோ மட்டும் நின்றிருக்கும்போதுதான். சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையாலேயே 'சத்தத்தைத் திற' பொத்தானை அடைய முடிகிறதா என்றும் பாருங்கள்.

வெளியிடும் முன் சோதனை

இதை உங்கள் மேசையில் உட்கார்ந்து மட்டும் செய்ய வேண்டாம். குரல் ஓடும்போதே மியூட் விசையை அழுத்துங்கள். காதணியைப் பிடுங்குங்கள். மிக்சரில் உங்கள் செயலியை மட்டும் மியூட் செய்து, கணினியை அணைத்து மறுபடி போடுங்கள். மியூட் இல்லாமல் அளவை மட்டும் சுழியமாக்குங்கள். எச்டிஎம்ஐ கம்பியைச் செருகுங்கள். ஓர் இணைய அழைப்பில் சேர்ந்துகொண்டு பயிற்சியைத் தொடங்குங்கள். விண்டோஸின் அணுகல்தன்மை அமைப்பில் வண்ண வடிகட்டி என்று ஒன்று உண்டு. அதைச் சாம்பல் நிறத்தில் வைத்து, நிலைகள் இன்னும் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் நிறத்தை நம்பிவிட்டீர்கள்.

அதன் பிறகு மழை பெய்யும் ஒரு பிற்பகலில் லெப்டாப்பை எடுத்துக்கொண்டு டியூஷன் வகுப்புக்கோ, நாடி என்ற சமூக இணைய மையத்துக்கோ போங்கள். கணினியை மியூட்டில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். பொத்தானை அழுத்தியபின் அதன் கண் எங்கே போகிறது, கை எங்கே போகிறது என்று பாருங்கள். பக்கத்தில் பாட்டி இருந்தால் அவரிடமும் கொடுங்கள். "பாட்டி, இதுல என்ன சொல்லுதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் வாசித்துவிட்டு, உங்கள் உதவி இல்லாமல் சரியான பொத்தானை அழுத்தினால் அந்தப் பதிப்பை வெளியிடலாம். அழுத்தவில்லையென்றால் அவர் தயங்கிய இடம் எது என்று குறித்துக்கொண்டு, அந்த வரியையோ அந்தப் பொத்தானின் இடத்தையோ மாற்றி, அடுத்த வாரம் வேறொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.